புரவியெடுப்பு பார்க்கக் களப்பணிக்குப் போகிறேன், பத்து நாளில் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

மண்குதிரை:
எல்லாருக்கும் வணக்கம். நாட்டார் வழக்காற்றியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் புரவியெடுப்பு பார்க்கப் போகிறேன், ஊர்ப்பெயரை இப்போதைக்கு இங்கே போடவில்லை. அய்யனாருக்கு மண்ணால் குதிரை செய்து ஊர்வலமாகக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் திருவிழா அது, ஒன்பது வருடம் நின்றுபோயிருந்தது. இந்த வருடம் பிடிமண் (வேலையைத் தொடங்கச் சொல்லி ஊரார் கொடுக்கும் ஒரு பிடி மண்) கொடுத்து, குதிரை செய்யும் குயவரான வேளார் வீட்டில் வேலையும் ஆரம்பித்துவிட்டது. என் கையில் பத்து நாள் இருக்கிறது, அறுபத்திரண்டு கேள்விகள் உள்ள வினாநிரல் இருக்கிறது, ஊர்த்தலைவர் வீட்டு மாடியில் தங்க இடமும் கிடைத்துவிட்டது. நான் சென்னையில் வளர்ந்தவள், ஒரு கிராமத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இருந்ததில்லை. போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்? வினாநிரலை எப்போது கையில் எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
முதல் மூன்று நாள் வினாநிரல் பைக்குள்ளேயே இருக்கட்டும். காலையிலும் சாயங்காலமும் ஊரைச் சுற்றி நட, ஒரு படம் வரை. கோயில், கண்மாய், மடை, ரேஷன் கடை, டீக்கடை, குழாயடி, எந்தத் தெரு எங்கே முடிகிறது, எந்தத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு இருக்கிறது, எதற்கு இல்லை எல்லாம். நீ வரைந்துகொண்டிருக்கும்போதே சின்னப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டு "அது அங்க இல்லக்கா, இங்க" என்று திருத்துவார்கள். உன் முதல் தகவலாளிகள் அவர்கள்தான். அப்புறம், அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிவிடு. மறுநாள் எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும், மீதியில் உன் கற்பனை கலந்துவிடும்.

கருப்பட்டி:
தங்கச்சி, நீ கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

2011இல் நான் உடன்குடிப் பக்கம் பனையேறிகளைப் பற்றி ஒரு சிறிய ஆய்வுக்குப் போனேன். என்னிடமும் உன்னைப் போலவே ஒரு கேள்விக் கட்டு இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுகிறீர்கள், எத்தனை லிட்டர் பதநீர் இறங்குகிறது, வருமானம் எவ்வளவு, கடன் உண்டா, இப்படி. முதல் வாரம் ஏழெட்டுப் பேரிடம் கேட்டேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் சொன்னார்கள், மரத்தின் எண்ணிக்கைகூட ஒன்றாகவே இருந்தது. எனக்கு சந்தோஷம், தகவல் நன்றாகப் பொருந்தி வருகிறதே என்று. அப்புறம்தான் தெரிந்தது, நான் நலவாரியத்தில் பெயர் பதிய வந்த ஆள் என்று ஊரெல்லாம் பேச்சு பரவியிருக்கிறது. எந்த எண்ணிக்கை சொன்னால் உதவி கிடைக்கும் என்று அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். எழுதுகோலும் தாளுமாக வந்து நிற்பவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நம் ஊர் ஜனங்களுக்கு நூறு வருடப் பழக்கம் இருக்கிறது.

இரண்டாவது வாரம் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு அண்ணாச்சி கூடவே விடியற்காலையில் போக ஆரம்பித்தேன். மரம் ஏற எனக்குத் தெரியாது, அதனால் கீழே நின்று கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துவிடும், கூடினால் கருப்பட்டி கெட்டுவிடும். நான் தடவியதில் முதல் நாளே நாலு கலயம் அதிகமாகப் போய், அவர் ஒன்றும் சொல்லாமல் தன் விரலை விட்டு வழித்துக் காட்டினார், உள்ளே எவ்வளவு பூச்சு இருக்க வேண்டும் என்று. அந்த விரல் அசைவு எந்தக் கேள்விக்கும் பதிலாக வந்திருக்காது, வார்த்தையில் அதைச் சொல்ல அவருக்கே வராது.

அதைவிட முக்கியமானது பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் நடந்தது. மரத்திலிருந்து இறக்கியதும் ஆணின் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த அக்கா பதநீரை வடிகட்டி, தாச்சியில் ஊற்றி, சுள்ளியும் ஓலையுமாகத் தள்ளித் தள்ளித் தீ எரித்து, பொங்கி வழியப் போகும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கி, கூழ்பதம் வரும்வரை துடுப்பை விடாமல் கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து எடுக்கும்போது மத்தியானம் தாண்டிவிடும். பிறகு மறுநாளுக்கு விறகு பொறுக்கப் போக வேண்டும். வேலையில் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. என் கேள்விக் கட்டில் பெண்களைப் பற்றி இருந்தது ஒரே கேள்வி: "மனைவி வேலைக்குச் செல்கிறாரா? ஆம் / இல்லை." அண்ணாச்சிமார் எல்லாரும் "இல்லை" என்றே சொல்லியிருந்தார்கள், நானும் எட்டுத் தாளிலும் "இல்லை" என்று குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் தங்கச்சி, வேளார் வீட்டில் என்ன வேலை கிடைத்தாலும் செய். மண் மிதி, தண்ணீர் தூக்கு, உமி சல்லடை போடு. அங்கே பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். கேள்வி தானாக வரும்.

கீழத்தெரு:
யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். ஊர்த்தலைவர் வீட்டு மாடியில் தங்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாடியிலிருந்து எங்களைப் போன்ற சேரி ஆட்களின் தெரு தெரியாது. தெரிந்தாலும் எங்கள் தெரு ஆட்கள் அந்த வாசலில் வந்து உங்களிடம் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள், யார் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்குகிறீர்கள் என்பதை முதல் நாளே ஊர் முழுக்கப் பார்த்துவிடும், நீங்கள் யாருடைய ஆள் என்று அதை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள்.

எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புராவுக்குப் போனபோது ஊர்ப் பெரியதனக்காரர் ஆதரவில்தான் தங்கினார். இந்தியச் சமூகவியலில் அவ்வளவு பெரிய பெயர், அவரே பின்னால் தன்னுடையது மேல்சாதிப் பார்வை என்று ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அந்த ஊரின் சேரி ஆட்கள் சொல்லியிருக்கக்கூடியது எவ்வளவோ எழுதப்படாமலே போயிருக்கும்.

புரவியெடுப்பில் பறை அடிப்பவர் யார், பந்தல் போட மரம் வெட்டித் தருபவர் யார், புரவியைத் தோளில் தூக்கும்போது யார் தூக்கலாம், யார் தள்ளி நின்று பார்க்க வேண்டும், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகாது, இதையெல்லாம் எங்கள் பக்கத்தில் வந்து கேளுங்கள். ஒன்பது வருடம் ஏன் நின்றது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு பதில் வரும்.

மண்குதிரை:
கீழத்தெரு தோழர், இது எனக்குத் தோன்றவே இல்லை. தங்குமிடம் கிடைத்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்ற முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் முயற்சி செய்கிறேன்.

வரப்பு:
நான் ஆய்வு செய்கிறவன் இல்லை, ஆய்வு செய்யப்பட்ட ஊர்க்காரன். சிவகங்கைப் பக்கம். எங்கள் ஊருக்கு ஒரு கல்வி நிறுவனத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். எங்கள் அப்பத்தா ஒப்பாரி நன்றாகப் பாடுவார். பாடச் சொன்னார்கள். வீட்டில் சாவு விழாமல் ஒப்பாரி பாடக்கூடாது என்று அவர் தயங்கினார். பிறகு விருந்தாளி கேட்கிறார்களே என்று வயலுக்குப் போய், வரப்பில் உட்கார்ந்து பாடினார். இரண்டு மணி நேரம் பதிவு செய்தார்கள். கேசட் ஒரு பிரதி அனுப்புகிறோம் என்றார்கள். முகவரியும் எழுதிக்கொண்டு போனார்கள்.

வரவே இல்லை. அப்பத்தா அடுத்த வருடம் போய்விட்டார். அவர் குரல் எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது. என் அப்பா மூன்று தடவை கடிதம் போட்டார், நானே ஒரு முறை நேரில் போய்க் கேட்டேன், அப்போது வந்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தங்கச்சி, நீ எடுக்கிற ஒவ்வொரு பதிவையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அவரவர் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போ. ஊருக்குத் திரும்பிப் போய் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அப்புறம் எழுதி முடித்ததை எடுத்துக்கொண்டு வந்து அவர்களுக்கே படித்துக் காட்டு.

தேயிலைக்காடு:
வரப்பு எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அப்பத்தா வயலுக்குப் போய்ப் பாடியதைப் படித்தபோது எங்கள் நீலகிரியில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேய மானிடவியலாளர் 1901-02இல் இங்கே வந்து, எருமை வளர்க்கும் பழங்குடியான தோடர்களிடம் சில மாதம் இருந்தார். ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு எழுதினார், இன்றும் களப்பணியில் வம்சாவளி வரையும் முறைக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1906இல் பெரிய புத்தகமாக வந்தது. அதில் அவரே ஒன்றை எழுதியிருக்கிறார். தோடர்கள் புனிதமாகக் கருதும் எருமைப் பால்மனையின் சடங்குகளில் வெளியாருக்குச் சொல்லக்கூடாதவற்றைச் சிலர் அவருக்குச் சொன்னார்கள், கொஞ்ச நாளில் சொன்னவர்களின் வீடுகளில் நோயும் சாவும் வந்தது. ரகசியத்தை வெளியே விட்டதால் தெய்வம் கோபித்துக்கொண்டது என்று குறி சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவரிடம் பேச ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். நோய் எதனால் வந்தது என்று நாம் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் மிச்ச நாளெல்லாம் "நாம் சொன்னதால்தானே" என்கிற எண்ணத்தோடு வாழ்ந்திருப்பார்கள். அவர் புத்தகத்தோடு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அதே தோடர்களிடம் 1930களின் நடுவில் எமனோ என்கிற மொழியியலாளர் வந்தார். அவர் மொழியில் உட்கார்ந்துவிட்டார், பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். தோடர்கள் தங்கள் வாழ்க்கையில் நடக்கும் எதையும் பாட்டாகக் கட்டக்கூடியவர்கள், பஸ் வந்தால் பஸ்ஸுக்கும் பாட்டு வந்துவிடும். அந்தப் பாட்டுகள் அச்சில் வந்தது 1971இல், முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உன்னிடம் இருப்பது பத்து நாள் என்கிறாய். சரி. ஆனால் இதைச் சொல்ல வேண்டாம் என்று யாராவது கண்ணால் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடு, ஆய்வேட்டில் ஒரு பக்கம் குறைந்தாலும் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் வினாநிரலைத் தூக்கிப் போடு என்கிற மாதிரி பேசுவது எனக்கு உடன்பாடு இல்லை. கூட இருந்து பார்ப்பது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை இல்லாவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்ததும் 1916இல் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துத் தங்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, நெல்லாகவா காசாகவா, கிணறு எத்தனை, எல்லாம் எழுதி வந்தார்கள். 1918இல் புத்தகமானது. 1936-37இல் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1981இலும் 2008இலும்கூடப் போயிருக்கிறார்கள். ஒரே ஊரில் நிலம் எப்படிக் கைமாறியது, பண்ணையாள் முறை எப்படிப் போனது என்று தொண்ணூறு வருடத்துக்குக் கோடு போட்டுப் பார்க்க முடிகிறது என்றால் அன்றைக்கு ஒரு மாணவன் சலிக்காமல் கேட்டு எழுதியதால்தான். நீங்கள் வெறும் கதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் இருபது வருடம் கழித்து போகிறவர் எதை வைத்துப் பார்ப்பார்? எத்தனை புரவி, ஒரு புரவிக்கு எவ்வளவு செலவு, வேளாருக்குக் கூலி எவ்வளவு, நெல் எவ்வளவு, இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

கருப்பட்டி:
கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரி, நான் எழுதியதில் அது விட்டுப்போய்விட்டது. நானும் கடைசியில் மரங்களை எண்ணினேன், ஆனால் கூட நடந்து எண்ணினேன். முதல் வாரம் கேட்ட எண்ணுக்கும் அதற்கும் எட்டு மரம் வித்தியாசம். கேள்வி வேண்டும், ஆனால் எந்தக் கேள்வி என்பதை அந்த இடம்தான் சொல்லும். ஸ்லேட்டரின் மாணவர்கள் போனது தங்களுக்குத் தெரிந்த ஊர்களுக்கு, அதையும் நினைத்துப் பாருங்கள்.

மண்குதிரை:
ஊரிலிருந்து எழுதுகிறேன், இன்று ஆறாம் நாள். சிக்னல் கண்மாய்க் கரையில்தான் கிடைக்கிறது.

மாடியை விட முடியவில்லை. விட்டால் அந்த வீட்டு அக்கா வருத்தப்படுவார். ஆனால் பகல் முழுக்க வேளார் வீட்டில்தான் இருக்கிறேன், மத்தியானச் சாப்பாடு அங்கேயே. நேற்றும் இன்றும் கிழக்குத் தெருவில் ஒரு ஆத்தா வீட்டில் சாயங்காலம் இருந்தேன். முதல் நாள் அவர் நாற்காலி வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார், வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து டீ கொடுத்தபோது நான் குடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண் மிதிக்கிறேன். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிக்க வேண்டும், குதிகாலில் சின்னக் கல் தட்டுப்பட்டால் நின்று எடுத்துப் போட வேண்டும், ஒரு கல் உள்ளே இருந்தாலும் சூளையில் அந்த இடம் வெடித்துவிடும். முதல் நாள் நான் மிதித்ததை வேளார் அய்யாவின் மருமகள் மறுபடி மிதித்தார், மூன்றாம் நாளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் நான்கு கால்களும் குழல் மாதிரி நிற்கும், அதன் மேல் வயிறு. ஒரே நாளில் உயரமாக ஏற்றமாட்டார்கள். கீழே இருப்பது இறுகினால்தான் மேலே வைப்பது நிற்கும், அதனால் மழை மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். பத்து நாளில் ஒரு புரவியைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

ஒன்பது வருடம் ஏன் நின்றது என்று தலைவர் வீட்டில் கேட்டேன், மழை இல்லை, ஊரில் காசு இல்லை என்றார்கள். வேளார் வீட்டில் மருமகள் சொன்னது வேறு, முதல் மரியாதை யாருக்கு என்று கோயில் உரிமையுள்ள இரண்டு கரைக்காரர்களுக்குள் (பங்காளிக் கூட்டங்களுக்குள்) தகராறு, கோர்ட் வரை போயிருக்கிறது. கிழக்குத் தெரு ஆத்தா சொன்னது இன்னும் வேறு. அவர்கள் தெரு நேர்த்திக்கடன் புரவியும் பெரிய தெரு வழியாக வர வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்டார்கள், அதற்கப்புறம்தான் "காசு இல்லை" என்ற பேச்சே வந்தது. மூன்றும் என் நோட்டில் இருக்கிறது. மூன்றாவதை எழுதலாமா? எழுதினால் யார் சொன்னார்கள் என்று இவ்வளவு சின்ன ஊரில் உடனே தெரிந்துவிடும். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

கீழத்தெரு:
எழுதாமல் விட்டால் ஊர்த்தலைவர் சொன்னது மட்டும்தான் வரலாறாக நிற்கும். அதே நேரம் அந்த ஆத்தா அந்த ஊரில்தான் இருக்கப் போகிறார், நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். முடிவை நீங்கள் எடுக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். தனியாக, அவர் வீட்டில், "ஆத்தா, நீங்க சொன்னத எழுதட்டுமா" என்று. வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஏரிக்கரை:
ஊர்ப்பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதே. காத்லீன் கோ என்கிற மானிடவியலாளர் 1951இல் தஞ்சாவூர் கிராமத்தில் இருந்து எழுதியபோது கும்பப்பேட்டை என்று ஒரு பெயர் வைத்தார். வெளியூர்க்காரனுக்கு அது மறைப்பு. உள்ளூர் ஆள் அதைப் படித்தால் எந்த வீடு, எந்தப் பெரியவர் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் 1976இல் அதே ஊருக்குத் திரும்பிப் போய் இருபத்தைந்து வருடத்தில் என்ன மாறியது என்று பார்த்தார், அது எனக்குப் பிடித்த விஷயம். நீயும் விடுமுறை கேட்டு நாளைக் கூட்டு. தரவில்லை என்றால் சனி, ஞாயிறு போய் வா.

மண்குதிரை:
திரும்பி வந்துவிட்டேன், எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரத்தில் நான்கு தடவை போனேன், மொத்தம் இருபத்து மூன்று நாள். புரவியெடுப்பு அன்றும் இருந்தேன்.

ஆத்தாவிடம் கேட்டேன். நெடுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் சொன்னேன்னு எழுதாத. கெழக்குத் தெரு சொல்லுதுன்னு எழுது. அத நாங்க எல்லாருமே சொல்லுவோம்" என்றார். மறுநாள் அவரே என்னை நாலு வீட்டுக்குக் கூட்டிப்போனார், நாலு வீட்டிலும் கேட்டு எழுதினேன். இந்த வருடமும் அவர்கள் புரவி பெரிய தெரு வழியாக வரவில்லை, கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வந்தது. அதையும் படத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: எண்ணினேன். கோயில் புரவி ஒன்று, நேர்த்திக்கடன் புரவி முப்பத்தொன்று, அது போகக் காளை, கை கால் உருவங்கள், மதலை என்கிற குழந்தை உருவங்கள். கூலி, நெல், வேட்டி துண்டு எல்லாம் அட்டவணையாகப் போட்டுவிட்டேன்.

வரப்பு அண்ணனுக்கு: பதிவுகள் எல்லாம் அங்கேயே அவரவர் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டேன். போன் இல்லாத இரண்டு வீட்டுக்கு மட்டும் புதுக்கோட்டையில் ஒரு கடையில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

போன வாரம் எழுதிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போய் வேளார் அய்யா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பதினேழு இடத்தில் நிறுத்தித் திருத்தினார். "புரவி செய்ய ஆரம்பித்தார்கள்" என்று எழுதியிருந்தேன். "கண்ணு தொறக்குற வரைக்கும் அது மண்ணுதான் பாப்பா, புரவின்னு எழுதாத" என்றார். மருமகள் உள்ளேயிருந்து, "மிதிச்சது யாருன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். எழுதியிருந்தேன், பெயர் போடவில்லை. போடச் சொன்னார், அவர் பெயரும் அவர் நாத்தனார் பெயரும். இப்போது அந்தப் பக்கத்தைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆத்தா வீட்டில் படித்துக் காட்ட வேண்டியது பாக்கி, அதற்கு வரும் சனிக்கிழமை போகிறேன்.